மலை சீசனுக்கு மட்டும் தானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நுவரெலியா ஏப்ரல் சீசன் ஏற்பாடுகள் பற்றி உங்கள் பத்திரிகையில் வந்த செய்தியைப் படித்த கையோடு இதை எழுத உட்கார்ந்தேன். நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். பூக்கண்காட்சி, குதிரைப் பந்தயம், கார் பந்தயம், கிரகரி வாவியில் படகு எல்லாம் சரி. மே மாதம் மழை இறங்கியதும் ஊர் வெறிச்சோடிப் போகிறதே, மிச்சம் பதினொரு மாதமும் இந்த மலைகள் யாருக்கு என்பதுதான் என் கேள்வி.

நான் நானுஓயாப் பக்கம் இருக்கிறேன். தோட்டப் பாடசாலைகளில் 31 வருடம் படிப்பித்து ஓய்வு பெற்றவள். மகள் அமெரிக்காவில் டென்வர் நகரத்தில் வேலை செய்கிறாள். அவள் பிரசவத்துக்காக ஒரு தடவையும், அடுத்த வருடம் பேரனைப் பார்த்துக்கொள்ள இன்னொரு தடவையும் போய் வந்தேன். அங்கே பெரிய கட்டடங்களையும் கடைகளையும் காட்டினார்கள், பார்த்தேன். ஆனால் மனதில் நின்றது ஒரு சின்ன மலை. பனிக்காலத்தில் ஒரு தடவை, கோடையில் ஒரு தடவை, இலையுதிர் காலத்தில் ஒரு தடவை என்று மூன்று தரம் அதற்குப் போனோம். முதல் தரம் மருமகனோடு வேலை செய்பவர் கூப்பிட்டதால் போனது, மற்ற இரண்டும் நானே கேட்டுப் போனது.

ஊரின் பெயர் ஸ்டீம்போட் ஸ்பிரிங்ஸ். டென்வரிலிருந்து காரில் மூன்று மணித்தியாலத்துக்கு மேல் போக வேண்டும். 11,000 அடிக்கு மேலே மலையைக் குடைந்து போட்ட சுரங்கப்பாதை ஒன்று, அப்புறம் முயல்காது கணவாய் என்று பொருள்படும் பெயருள்ள, 9,426 அடி உயரத்திலுள்ள ஒரு கணவாய், அதைத் தாண்டி இறங்கினால் பள்ளத்தாக்கில் ஊர். அவ்வளவு உயரத்தில் மூச்சு வாங்குமே என்று பயந்துகொண்டே போனேன். பிறகுதான் தெரிந்தது, அந்த ஊர் இருப்பது கிட்டத்தட்ட 6,700 அடியில். நம்முடைய நுவரெலியா 6,100 அடிக்கு மேல். அறுநூறு அடிதான் வித்தியாசம். குளிர்தான் நம் குளிர் இல்லை, மூக்குக்குள்ளே ஈரம் உறைகிற குளிர்.

ஊருக்கு நடுவே யாம்பா என்று ஒரு ஆறு ஓடுகிறது. பிரதான வீதியிலிருந்து இறங்கி, ஆற்றைக் கடந்தால் மலையடிவாரம். ஹட்டன் பஸ் நிலையத்திலிருந்து ஸ்டேஷனுக்கு நடப்பது போல, அவ்வளவுதான் நடை. அதுதான் ஹவல்சன் ஹில். உச்சியிலிருந்து அடிவரைக்கும் பனிச்சறுக்கு இறக்கம் மொத்தம் 440 அடி. நம் தோட்டத்துப் பெண்கள் காலையில் பெரட்டுக் களத்தில் வேலைக்குப் பேர் கொடுத்துவிட்டுக் கொழுந்துக் கூடையோடு ஏறுகிற மலை பலதும் இதைவிட உயரம். இவ்வளவு சின்ன மலையில் 1915ஆம் ஆண்டிலிருந்து பனிச்சறுக்கு நடந்து வருகிறது. வட அமெரிக்காவில் இடைவிடாமல் நடந்துவரும் பனிச்சறுக்கு இடங்களில் இதுவே மிகப் பழையது என்கிறார்கள். அதே ஊரில் கொஞ்சத் தூரம் தள்ளிப் பெரிய மலையில் பெரிய உல்லாச விடுதிகளும் சறுக்குத்தளமும் உண்டு, அங்கே ஒரு நாள் டிக்கெட் 200 டொலருக்கு மேல். ஹவல்சன் ஹில் நகரசபைக்குச் சொந்தம். நாங்கள் போன அந்தப் பனிக்கால ஞாயிற்றுக்கிழமை டிக்கெட்டே இல்லை. யாரும் வரலாம், ஏறலாம், சறுக்கலாம்.

பெப்ரவரி மாதம் போனபோது அங்கே பனிக்காலத் திருவிழா. இதைச் சொல்லாமல் இருக்க முடியாது. வீதியில் விழும் பனியைப் பனிக்காலம் முழுக்க அள்ளி அப்புறப்படுத்துகிறவர்கள், அந்த இரண்டு நாளுக்கு மட்டும் லொறியில் பனியைக் கொண்டுவந்து பிரதான வீதியில் கொட்டிப் பரப்புகிறார்கள். குதிரையில் ஒருவர் பாய்ந்து போக, குதிரையோடு கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் பனிப்பலகையில் வழுக்கிக்கொண்டு போகிறார்கள். பாடசாலை பாண்ட் வாத்தியக் குழு, காலில் பனிப்பலகை மாட்டியபடியே வாசித்துக்கொண்டு வருகிறது. ராத்திரி மலையில் ஒருவர் உடம்பு முழுக்க விளக்குக் கட்டிக்கொண்டு, பட்டாசு கக்கியபடி இருட்டில் சறுக்கி இறங்குகிறார். பார்க்கும்போது எனக்கு நம் தோட்டத்துக் காமன் கூத்துதான் ஞாபகம் வந்தது. மாசி மாதத்துக் குளிரில், பொட்டலைச் சுற்றி ஊரே நின்று ரதியும் மதனும் ஆடுவதைப் பார்ப்போமே, சின்னப் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு, விடியும் வரைக்கும். அதே கூட்டம், அதே முகங்கள்.

இந்தத் திருவிழாவையும் மலையையும் தொடங்கி வைத்தவர் கார்ல் ஹவல்சன். நோர்வேயிலிருந்து 1905இல் பிழைப்புத் தேடி வந்த கல்கொத்தர். வந்த இடத்தில் கல் உடைத்திருக்கிறார், சர்க்கஸில் பனிப்பலகையோடு பறந்து காட்டியும் சம்பாதித்திருக்கிறார். இந்த ஊருக்கு வந்து, பண்ணை வேலை செய்துகொண்டிருந்தவர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் சறுக்கப் பழக்கி, பாய்ச்சல் மேடை கட்டி, 1914இல் முதல் திருவிழாவை நடத்தினார். 1922இல் தன் நாட்டுக்கே திரும்பிப் போய்விட்டார். மலைக்கு அவர் பெயர் நின்றுவிட்டது. இதைக் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது. நம் முன்னோரும் கல் உடைத்தவர்கள், கான் வெட்டியவர்கள், றோட்டுப் போட்டவர்கள். 2023இல், நம்மவர்கள் இந்த நாட்டுக்கு வந்து 200 வருடமானதை நினைத்து, மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் நம்மவர்கள் நடந்து வந்தார்கள், நானும் மாத்தளைக்குப் போய் நின்றேன். நான் படிப்பித்த தோட்டங்களுக்கும் மலைகளுக்கும் எந்தெந்தத் துரையின் பெயரோ இருக்கிறது. ஒரு தொழிலாளியின் பெயர் வைத்த மலையைக் காட்டச் சொன்னால் எந்த மலையை நான் காட்டுவேன்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்த மலையில் என்னைப் பிடித்து நிறுத்தியது திருவிழா இல்லை. திருவிழாவுக்கு மறுநாள், திங்கட்கிழமை பிற்பகல், ஊருக்குத் திரும்பும் முன் இன்னொரு தரம் பார்க்கலாம் என்று போனோம். வெளியூர்க் கூட்டமெல்லாம் போயிருக்கும், மலை பூட்டிக் கிடக்கும் என்று நினைத்தேன். பார்த்தால் பாடசாலை விட்ட பிள்ளைகள் புத்தகப் பையை அடிவாரத்துக் கட்டடத்தில் போட்டுவிட்டு மேலே போய்க்கொண்டிருக்கிறார்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்கு இடுப்பளவு மேட்டில் பாய்ச்சல் பழக்குகிறார்கள், பெரிய பிள்ளை அதற்கு மேலே, இன்னும் பெரியவர்கள் வானத்தில் மிதக்கிற பெரிய மேடையில். இருட்டியதும் மலைக்கு விளக்குப் போடுகிறார்கள். ஒரு கிழவி பெஞ்சில் உட்கார்ந்து தன் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தானும் இந்த மலையில்தான் பழகினேன், என் அப்பாவும் இங்கேதான் என்று மகளிடம் சொன்னார். ஒலிம்பிக் போட்டிகளுக்கு இந்தச் சின்ன ஊரிலிருந்து 90க்கும் மேற்பட்டவர்கள் போயிருக்கிறார்கள் என்று அங்கே அறிந்துகொண்டேன். பட்டி வேர்னர் என்று ஒரு பையன் இந்த 440 அடி மலையில் பழகி உலகப் போட்டிகளில் ஓடி, 1964இல் சுவிட்சர்லாந்தில் பனிச்சரிவில் செத்துப்போனான். அந்த ஊர் நூலகத்துக்கும் பெரிய மலைக்கும் அவன் பெயர்தான்.

கோடையில் போனபோது பனியின் சுவடே இல்லை, மலை முழுக்கப் பச்சைப் புல். ஜூலை 4, அவர்கள் நாட்டின் சுதந்திர தினம். பாய்ச்சல் மேடையில் பிளாஸ்டிக் விரிப்புப் போட்டு, அதில் தண்ணீர் தெளித்து, வெயிலில் பிள்ளைகள் பனிப்பலகையோடு பாய்கிறார்கள், புல்லில் போய் நிற்கிறார்கள்! நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தேன். மலையடியிலேயே குதிரை, காளை அடக்கும் போட்டிக்கான அரங்கு இருக்கிறது, கோடை முழுக்க வாரக் கடைசியில் அங்கே கூட்டம். பக்கத்தில் பந்து விளையாடும் மைதானங்கள். உள்ளரங்கப் பனித்திடல் ஒன்று. பின்னால் எமரல்ட் என்கிற மலைக்கு ஏறிப்போகும் நடைபாதைகளில் நடக்கிறவர்கள், சைக்கிள் ஓட்டுகிறவர்கள், குதிரையில் போகிறவர்கள். ஒரே அடிவாரம், ஒரே வாகனத் தரிப்பிடம், ஒரே கழிவறை. பனிக்காலத்தில் பனியைச் சமன் செய்யும் நகரசபை ஆட்கள்தான் கோடையில் பாதையைத் திருத்துகிறார்கள், புல் வெட்டுகிறார்கள். சீசன் முடிந்தது, வீட்டுக்குப் போ என்கிற பேச்சு அங்கே இல்லை.

ஒக்டோபரில் போனபோது நான் பேரனை மகளிடம் விட்டுவிட்டுப் பின்னால் இருக்கும் பழைய கல்லுக்குழி வரைக்கும் மெதுவாக ஏறினேன். ஆஸ்பென் மரங்கள் எல்லாம் மஞ்சள், காசு காசாக இலை ஆடுகிறது. மேலேயிருந்து பார்த்தால் ஊரே கையடக்கம். மலையில் நாற்காலி தொங்கும் கம்பியை இரண்டு பேர் பழுது பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சின்ன வயதுத் தோட்டம் ஞாபகம் வந்தது. மேல்மலையிலிருந்து கொழுந்து மூட்டையைக் கம்பியில் கொக்கி போட்டுத் தொங்கவிட்டால் அது விர்ரென்று பள்ளத்தைத் தாண்டி ஃபெக்டரிப் பக்கம் போகுமே, அதைப் பார்ப்பதற்கென்றே ஓடுவோம். மனிதரை மேலே ஏற்றும் கம்பியும் மூட்டையைக் கீழே இறக்கும் கம்பியும் கிட்டத்தட்ட ஒரே வேலைதான். நம்மிடம் இருந்ததெல்லாம் துருப்பிடித்துப் பழைய இரும்புக்காரனிடம் போய்விட்டது.

இப்போது நம் ஊருக்கு வருவோம். எங்களிடம் இல்லாததைப் பற்றி நான் எழுதவில்லை. பனியும் பலகையும் நமக்கு வேண்டாம். மழைக்காலத்தில் மானாப்புல் படுத்த சரிவில் உரச்சாக்கைப் போட்டு உட்கார்ந்து சறுக்கி வளர்ந்தவர்கள் நாங்கள். காற்சட்டை கிழிந்ததற்கு வாங்கிய அடி இன்னும் ஞாபகம் இருக்கிறவர்கள் இதைப் படிப்பவர்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். அந்தச் சரிவுகளுக்கு இன்றைய பிள்ளைகள் போக முடிகிறதா? என் கடைசிப் பாடசாலைக்குப் பக்கத்தில் தோட்ட மைதானம் ஒன்று இருந்தது. விளையாட்டுப் போட்டிக்குப் பழகப் பிள்ளைகளைக் கூட்டிப் போனால், ஏப்ரலில் வெளியூர் வாகனம் நிறுத்த ஆயத்தம் செய்கிறோம் என்று திருப்பி அனுப்பினார்கள். சரி, ஏப்ரல் போகட்டும் என்று காத்திருந்து ஜூனில் போனோம். டயர் தடத்தில் தண்ணீர் கட்டி, மைதானம் சேற்று வயலாகக் கிடந்தது, அதைச் சீர்செய்ய ஆள் இல்லை. அந்த வருடம் எங்கள் பிள்ளைகள் றோட்டில் ஓடிப் பழகித்தான் கோட்ட மட்டப் போட்டிக்குப் போனார்கள். ஒரு பிள்ளை 1,500 மீட்டரில் வெறுங்காலோடு முதலாவதாக வந்தாள். அவள் இப்போது கொழும்பில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள்.

நுவரெலியா நகரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கிரகரி வாவி 1873இல் கட்டியது, பந்தயத் திடல் 1875இல் வந்தது, கோல்ப் மைதானமும் அந்த நூற்றாண்டு முடிவதற்குள் வந்துவிட்டது. நகரத்தின் நடுவில் இருக்கும் சமமான பச்சை நிலத்தில் பெரும்பகுதி இப்படித்தான் போயிருக்கிறது. பழமை என்று பார்த்தால் ஹவல்சன் மலையைவிட இவை மூத்தவை. ஆனால் பாடசாலை விட்டு ஒரு தோட்டத்துப் பிள்ளை புத்தகப் பையைப் போட்டுவிட்டு அங்கே போய் ஓட முடியுமா? நாட்டின் மிக உயர்ந்த பிதுருதலாகல மலை 2,524 மீட்டர், அதில் நடந்து ஏற விடுவதில்லை. ஒற்றைமரத்து மலை, சிங்கிள் ட்ரீ ஹில் என்று சொல்வோமே, அது நகரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, தேயிலைக்கு நடுவால் பாதை போகிறது, காலையில் ஏறினால் பத்து மணிக்குள் இறங்கிவிடலாம். அங்கே நான் கடைசியாகப் போனபோது வெளிநாட்டவர்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். கீழே வரிசை வீடுகளாக இருக்கும் லயத்துப் பிள்ளை ஒன்று அவர்களுக்கு வழிகாட்டி, கையில் கிடைத்த காசோடு திரும்பி ஓடியது. அந்தப் பிள்ளைக்குப் பழக்குவதற்கென்று அந்த மலையில் ஒருவரும் நிற்கவில்லை.

கண்டி ஹந்தானையிலிருந்து ஹட்டன், அப்புத்தளை, எல்ல வழியாகச் சுற்றி நுவரெலியா வரைக்கும் பீக்கோ ட்ரெயில் என்று 300 கிலோமீட்டருக்கு மேல் நடைபாதை, 22 பகுதிகளாகப் போட்டிருக்கிறார்கள். நல்ல காரியம், கொங்கிரீட் போடாமல் பழைய தோட்டப் பாதைகளையே சேர்த்து எடுத்தது அதைவிட நல்ல காரியம். ஆனால் அதில் நம் பாடசாலைகளை யாராவது சேர்த்திருக்கிறார்களா? பல பகுதிகள் தோட்டப் பாடசாலைகளுக்குப் பக்கத்தால்தான் போகின்றன. வாரத்தில் ஒரு பிற்பகல் அந்தத் துண்டு அந்தப் பாடசாலைக்கு என்று வைத்தால் என்ன? பிள்ளைகள் பாதையைப் பார்த்துக்கொள்வார்கள், ஓடிப் பழகுவார்கள், வருகிறவர்களுக்கு வழி சொல்லும் ஆங்கிலமும் வாயில் வரும்.

சிவனொளிபாதமலை அடிவாரத்து நல்லதண்ணியைப் பாருங்கள். டிசம்பர் பௌர்ணமியான உந்துவப் போயாவிலிருந்து மே வெசாக் போயா வரைக்கும் சிவனொளிபாதமலைக்கு ஆட்கள் இரவு பகலாக வருகிறார்கள், கடை வரிசை, விளக்கு வரிசை. வெசாக் முடிந்த மறுவாரம் போனால் கடைகளின் தகரத்தைக் கழற்றிக்கொண்டிருப்பார்கள். அங்கே இருக்கும் மஸ்கெலியாப் பக்கத்துப் பையன்கள் ஆறு மாதம் மூட்டை தூக்குகிறார்கள், மிச்ச ஆறு மாதம் கொழும்புக்கு பஸ் ஏறுகிறார்கள். யாத்திரை என்பது வேறு, அதற்கு ஒரு காலம் உண்டு, அதில் கை வைக்கச் சொல்லவில்லை. படிகளை ஏறி இறங்கிப் பழகிய அந்தக் கால்களுக்கு மழைக்காலத்தில் செய்ய ஒரு வேலை, ஓட ஒரு மைதானம், அதைத்தான் சொல்கிறேன்.

எனக்கு ரொம்ப மனதில் உறுத்துவது காமன் பொட்டல். தோட்டத்துக்குத் தோட்டம் ஒரு பொட்டல் இருந்தது. சில இடத்தில் கோயில் பக்கம், சில இடத்தில் லயத்துக்குக் கீழே, கொஞ்சம் சமமாக வெட்டிய நிலம். ஸ்டீம்போட் ஊருக்கு அந்த மலை எப்படியோ அப்படி நமக்கு இந்தப் பொட்டல். அங்கே பெப்ரவரியில் பனித் திருவிழா, இங்கே மாசியில் காமன் கூத்து. நம் கூத்து அவர்கள் திருவிழாவுக்கு இளையது இல்லை. வித்தியாசம் எங்கே வந்தது என்றால், அவர்கள் மலையில் மற்ற நாட்களிலும் பிள்ளைகள் இருந்தார்கள், நம் பொட்டல் மற்ற நாட்களில் காலியாகக் கிடந்தது. காலியாகக் கிடக்கும் நிலத்தில் யாராவது ஒரு கட்டடம் எழுப்பத்தான் செய்வார்கள். நான் படிப்பித்த நான்கு தோட்டங்களில் இரண்டில் இப்போது பொட்டல் இல்லை. ஒன்றில் களஞ்சியம் வந்துவிட்டது, இன்னொன்று லொறி திருப்பும் இடம். அந்த இரண்டு தோட்டத்திலும் கூத்தும் நின்றுபோய்விட்டது. ஆட இடம் இல்லை என்று பெரியவர்கள் சொல்கிறார்கள், ஆடப் பிள்ளைகள் வருவதில்லை என்றும் சொல்கிறார்கள். இரண்டும் ஒன்றுதானே.

பணத்துக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். ஹவல்சன் மலை லாபத்தில் ஓடவில்லை, டிக்கெட் காசு அதன் செலவுக்குப் போதாது. நகரசபைதான் மிச்சத்தைப் போட்டு நடத்துகிறது. இந்தச் செலவைத் தாங்க வேண்டுமா என்று அந்த ஊரிலும் வாதம் நடந்திருக்கிறது. இருந்தும் மூடவில்லை, 2021இல் பழைய நாற்காலிக் கம்பியை எடுத்துவிட்டுப் புதியது போட்டிருக்கிறார்கள். நம்மிடம் அவ்வளவு பணம் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் நம் தோட்டத்து மாரியம்மன் கோயில் எப்படி நிற்கிறது? சம்பளத்தில் மாதாமாதம் பிடித்துக் கொடுத்து, திருவிழாவுக்கு ஒரு நாள் பேரையும், அதாவது ஒரு நாள் கூலியையும், கொடுத்து, தேரை நாமே இழுத்துத்தானே. அரைப்பட்டினி இருந்த காலத்திலும் அதை விட்டோமா? ஒரு பொட்டலைச் சமன் செய்து, ஓரத்தில் கான் வெட்டித் தண்ணீரை வடியவிட்டு, இரண்டு கோல்கம்பம் நடுவதற்குக் கோயில் செலவில் கால்வாசிகூட ஆகாது. கான் வெட்டுவது எப்படி என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சீசனில் வாகனத் தரிப்பிடத்துக்கும் கடைகளுக்கும் வாங்குகிற பணத்தில் ஒரு பங்கை மைதானங்களுக்கு என்று மாநகர சபையும் பிரதேச சபைகளும் ஒதுக்கி வைத்தால் மிச்சமும் வந்துவிடும்.

மழையைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். மே தொடக்கம் செப்டெம்பர் வரைக்கும் ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் தென்மேற்குப் பருவமழை, அட்டை, மூடுபனி. பதுளைப் பக்கம் அது குறைவு, அங்கே வருடக் கடைசியில்தான் மழை. ஆகவே எல்லா இடத்திலும் ஒரே நாட்காட்டி சரிவராது. மழைக்கு ஒரு தகரக் கொட்டகை போதும், கபடி, கேரம், கூத்துப் பழகுவது, தப்பு அடிக்கப் பழகுவது எல்லாம் அதற்குள் நடக்கும். மழை விட்டதும் வெளியே. அந்த ஊர்க்காரர்கள் பனி இல்லாத காலத்துக்குப் பிளாஸ்டிக் விரிக்கிறார்கள் என்றால் நாம் மழைக்காலத்துக்குத் தகரம் போடலாம்.

மண்சரிவு இதைவிடப் பெரிய விஷயம், அதில் அவசரப்படக் கூடாது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லய வரிசைகளையே மலை மூடியதை நாங்கள் மறக்க மாட்டோம். என் மாணவி ஒருத்தியின் சொந்தக்காரர்கள் அங்கே இருந்தார்கள். ஹவல்சன் மலையின் மண்ணும் உறுதியானது இல்லையாம், சரிவு நழுவி அதைத் திருத்தப் பல தரம் செலவழித்திருக்கிறார்கள். ஆனபடியால் எந்த மலையைத் தேர்ந்தெடுத்தாலும், எந்தப் பொட்டலைப் பெரிதாக்கினாலும், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வந்து மண்ணைப் பார்த்து எழுத்தில் தந்த பிறகுதான் பிள்ளைகளை விட வேண்டும். இதில் எனக்கு இன்னொரு எண்ணமும் உண்டு. பிள்ளைகள் தினமும் போய்வருகிற மலையில் ஒரு வெடிப்பு விழுந்தால், கானில் கலங்கல் தண்ணீர் வந்தால், மரம் சாய்ந்தால், அன்றைக்கே வீட்டுக்கு வந்து சொல்லும். யாரும் போகாத மலையில் நடப்பது, அது கீழே வந்த பிறகுதான் நமக்குத் தெரியவருகிறது.

நிலம் யாருடையது என்கிற கேள்வியைத் தோட்ட நிர்வாகங்கள் முதலில் கேட்கும் என்று தெரியும். நிலத்தை எழுதித் தரச் சொல்லவில்லை. பொட்டலும் மைதானமும் தோட்டத்து மக்களின் பாவனைக்கு என்று எழுத்தில் இருக்க வேண்டும், ஏப்ரலில் வாகனம் நிறுத்தினால் மே மாதம் அதைப் பழையபடி செப்பனிட்டுத் தர வேண்டும், பிற்பகல் மூன்று மணியிலிருந்து இருட்டும் வரைக்கும் பிள்ளைகளைத் துரத்தக் கூடாது. இவ்வளவுதான். எல்லாத் துரைமாரும் ஒரே மாதிரி இல்லை. நான் முதலில் படிப்பித்த தோட்டத்தில் ஒரு பெரிய துரை, தன் செலவில் வலைப்பந்துக் கம்பம் நட்டுக் கொடுத்தார். அந்தத் தோட்டத்துப் பிள்ளைகள் பல வருடம் கோட்டத்தில் முதலாவதாக வந்தார்கள்.

சீசனுக்கு நான் எதிரி இல்லை. சீசனில்தான் எங்கள் பக்கத்துப் பையன்களுக்கு நாலு காசு கையில் வருகிறது, ஸ்ட்ரோபரியும் கரட்டும் விற்பவர்களுக்குத்தான் அந்த அருமை தெரியும். ஸ்டீம்போட் ஊருக்கும் பனிக்காலம்தான் சோறு போடுகிறது. ஆனால் அங்கே நான் பார்த்த வரிசை இது: முதலில் ஊர்ப் பிள்ளைகளுக்கு மலையைக் கொடுத்தார்கள், பிள்ளைகள் அதில் பெரிய ஆட்களானார்கள், அதைக் கேள்விப்பட்டு வெளியூர்க்காரர்கள் வந்தார்கள். இங்கே வெளியூர்க்காரருக்கு வேலி கட்டி வைத்துவிட்டு நம் பிள்ளைகளை வேலிக்கு வெளியே நிறுத்தியிருக்கிறோம்.

நுவரெலியா மாநகர சபை உறுப்பினர்களிடமும், நுவரெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை, மஸ்கெலியா, நோர்வூட் பிரதேச சபை உறுப்பினர்களிடமும் இந்தப் பத்திரிகை வழியாக ஒன்று கேட்கிறேன். இந்த ஏப்ரலுக்குப் பிறகு, மே மாதக் கூட்டத்தில், உங்கள் எல்லைக்குள் எத்தனை பொட்டல், எத்தனை தோட்ட மைதானம் மிச்சம் இருக்கிறது என்று ஒரு கணக்கு எடுங்கள். அதில் ஒன்றே ஒன்றை, வருடம் முழுவதும் திறந்திருக்கிற இடமாக நடத்திப் பாருங்கள். ஆசிரியர் சங்கங்களும் கோயில் கமிட்டிகளும் கூட நிற்கும், அதற்கு ஆள் சேர்ப்பது என் பொறுப்பு. மூன்று பயணத்திலும் நான் எடுத்த படங்கள், எழுதி வைத்த குறிப்புகள் எல்லாம் இரண்டு கொப்பிகளில் இருக்கின்றன. எந்தச் சபையாவது கூப்பிட்டால் எடுத்துக்கொண்டு வருகிறேன், புதன்கிழமை மட்டும் வேண்டாம், அன்றைக்கு எங்கள் லயத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
நானுஓயா.